கடலில் விழாத சூரியன்

லாங் ஐலண்டில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இருக்கிறான். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து மரவேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறான். வாசலில் ஒரு போர்டு வைக்க வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "அண்ணே, நம்ம ஊரு அந்தி மாதிரி ஒரு படம் ஏஐல போட்டுக் குடுங்களேன். உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

தெரியும் என்று எப்போதோ பீற்றிக்கொண்டது நான்தான். இலவசமாகக் கிடைக்கும் படச் செயலி ஒன்றைத் திறந்து, 'லாங் ஐலண்டில் சூரியன் மறையும் காட்சி' என்று கேட்டேன். அரை நிமிடத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று வந்தது. பக்கத்தில் மரப்பலகை நடைபாதை. அதில் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு பேர் நடந்து போகிறார்கள். நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட். சரி, கேட்டவன் தப்பு என்று 'அந்தமான்' என்பதைச் சேர்த்தேன். கோட்டு போய்த் தென்னை வந்தது. கூடவே கடலுக்குள் கால் ஊன்றிய ஓலைக் குடில்களும் வந்தன. மாலத்தீவு விளம்பரங்களில் பார்ப்போமே, அவைதான். சூரியன் கமலா ஆரஞ்சு போலப் பாதி கடலுக்குள் இறங்கியிருந்தது.

அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில். "படம் சூப்பர்ண்ணே. ஆனா நம்ம ஊர்ல சூரியன் கடல்ல விழாது. ரங்கத் பக்கம் மலைக்குப் பின்னாடிதான் விழும்."

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. லாங் ஐலண்ட், நடு அந்தமானுக்குக் கிழக்கே கிடக்கும் சின்னத் தீவு. மேற்கே பார்த்தால் முதலில் கொஞ்சம் கடல், அதைத் தாண்டி, ரங்கத் என்ற ஊர் இருக்கும் நடு அந்தமானின் காட்டு மலைகள். டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் அந்த மலைகளுக்குப் பின்னால் போய்விடும்.

அவன் அதோடு விடவில்லை. "பரவால்லண்ணே, இதையே போட்டுக்கறேன். நாளைக்கு ஹேவ்லாக் தீவுல எவனாவது இதே படத்தை எடுத்து அவன் போர்டுல போட்டுட்டா, நம்ம கேஸ் போட முடியுமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டெல்லி, வாஷிங்டன், பெய்ஜிங் மூன்று இடத்திலும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். மூவரும் ஒரே பதிலைச் சொல்லவும் இல்லை.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு சின்ன முறையீடு. பத்திரிகைகளில் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புக்குத் தரப்படும் பேடன்ட்டையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம். எழுத்து, இசை, படம் இவற்றுக்கானது பதிப்புரிமை. நம் ஊரில் அதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. இதற்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. படம் பிறந்த நொடியிலேயே உரிமையும் பிறந்துவிடும். பதிவு வெறும் சாட்சிக் காகிதம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அது மூலப்படைப்பாக இருக்க வேண்டும்.

சட்டக் கதைக்குள் போகும் முன், என் படம் போன வழியைச் சொல்லிவிடுகிறேன். லாங் ஐலண்டுக்கு வேகமான இணையம் வந்ததற்கு ஒரு தேதி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவின் அடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் அன்று திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேயரில் தொடங்கி ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று கரையேறும் அந்தக் கேபிள் லாங் ஐலண்டிலும் ரங்கத்திலும் கரையேறுகிறது. பெரிய பெரிய ஊர்களை விட்டுவிட்டு இந்தச் சின்னத் தீவுக்குக் கடலடிக் கேபிள் போயிருப்பதில் அந்தத் தம்பிக்கு இன்றைக்கும் பெருமை. நான் அனுப்பிய பொய்ச் சூரியன் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் இன்னொரு சூரியனைப் பதிவு செய்தது. அந்தப் படத்தின் பெயர் 'சூர்யாஸ்த்'. இந்தியில் சூரிய மறைவு. ஆக்கியோர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். ஒருவர் டெல்லி வழக்கறிஞர் அங்கித் சாஹ்னி. இன்னொருவர் ராகவ். இந்த ராகவ் மனிதர் இல்லை, படம் வரையும் செயலி. செயலியை மட்டுமே ஆக்கியோராகக் காட்டி முன்பு போட்ட விண்ணப்பத்தை அலுவலகம் தள்ளிவிட்டிருந்தது. கூட்டு ஆக்கியோர் என்று போட்டதும் பதிவாகிவிட்டது. ஓராண்டு போன பிறகு அலுவலகத்துக்கு விழிப்பு வந்தது. பதிவைத் திரும்பப் பெறுவதாக ஒரு நோட்டீஸ் அனுப்பி, ராகவுக்குச் சட்டப்படி என்ன தகுதி என்று சாஹ்னியையே கேட்டது.

வேடிக்கையாகத் தோன்றினாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் ஓர் ஓவியத்தின் பதிப்புரிமை ஆக்கியோர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து செய்திருந்தால், கடைசியில் இறப்பவரிடமிருந்து எண்ண வேண்டும். ராகவ் எப்போது இறக்கும்? இறக்காத ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டால் அந்த 60 ஆண்டு தொடங்கவே தொடங்காது.

சாஹ்னி செய்தது இதுதான். தான் எடுத்த அந்திப் புகைப்படம் ஒன்றைச் செயலிக்குக் கொடுத்தார். வான்கோவின் 'விண்மீன்கள் நிறைந்த இரவு' ஓவியத்தையும் கொடுத்தார். வான்கோவின் பாணி எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்கு ஓர் எண்ணையும் கொடுத்தார். புகைப்படத்தின் மேல் வான்கோவின் சுழிகள் ஏறிய ஒரு படம் வெளியே வந்தது.

இந்தப் பாணி மாற்றும் வித்தை 2015இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்தில் பிறந்தது. கேட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர். அவர்கள் காட்டிய உதாரணங்களிலும் வான்கோவின் அதே ஓவியம் உண்டு. புள்ளிக் கோலம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோலம் போடுகிறவள் புள்ளிகளை எங்கெங்கே வைத்திருக்கிறாள் என்பது ஒன்று. இழையை எப்படி வளைக்கிறாள், எங்கே கூராக்குகிறாள் என்பது இன்னொன்று. பழகிய கண்ணுக்குப் புள்ளியைப் பார்க்காமலே இழையின் வளைவை வைத்து யார் வீட்டு வாசல் என்று சொல்லிவிட முடியும். படங்களை அடையாளம் காணப் பழக்கிய ஒரு நரம்பு வலைப்பின்னலுக்குள்ளும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். வலைப்பின்னலின் ஆழமான அடுக்குகளில் 'இங்கே கட்டடம், இங்கே ஆறு' என்ற தகவல் கிடைக்கிறது. எந்த வண்ணத்தோடு எந்தக் கோடு சேர்ந்தே வருகிறது என்ற கணக்கைத் தனியாக எடுத்தால், அதில் ஓவியரின் கை தெரிகிறது. ஒன்றை ஒரு படத்திலிருந்தும் மற்றதை இன்னொரு படத்திலிருந்தும் எடுத்து, இரண்டும் ஒத்துவரும்வரை புள்ளி புள்ளியாகத் திருத்திக்கொண்டே போனால் புதுப்படம்.

'சூர்யாஸ்த்' அமெரிக்காவுக்கும் போனது. 2023 டிசம்பர் 11 அன்று அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் மறுஆய்வுக் குழு பதிவு செய்ய மறுத்தது. புகைப்படம் சாஹ்னியுடையது என்பதில் குழுவுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வானத்தில் சுழி எந்த இடத்தில் விழுந்தது, எந்தக் கட்டடம் எந்த நிறத்துக்கு மாறியது என்பதையெல்லாம் முடிவு செய்தது யார்? ஓர் எண்ணைத் திருகி வைப்பது அந்த முடிவு ஆகாது என்றார்கள். கனடாவில் மட்டும் 2021 டிசம்பரில் அது பதிவாகியிருந்தது. 2024இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சட்ட மையம் அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறது. ஒரே சூரியன், மூன்று நாடுகள், மூன்று நிலைமை.

சாஹ்னியிடமாவது ஒரு புகைப்படம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு வாக்கியம் மட்டும். இன்றைய படச் செயலிகளுக்கு அது போதும். அவை படம் போடக் கற்ற விதம் விசித்திரமானது. யாரும் அவற்றுக்கு வரையச் சொல்லித் தரவில்லை, அழுக்குத் துடைக்கச் சொல்லித் தந்தார்கள். காக்கா வந்து ஆன்டெனாவைத் திருப்பிவிட்டால் பழைய தூர்தர்ஷன் திரையில் புள்ளி மழை பெய்யுமே, அந்த மாதிரிப் புள்ளிகளை ஒரு புகைப்படத்தின் மேல் கொஞ்சம் தூவி, 'இதில் எது தூவியது, எது படம்?' என்று இயந்திரத்தைக் கேட்பது. தவறினால் திருத்துவது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூவுவது. கோடிக்கணக்கான படங்களுக்கு இப்படி. ஒவ்வொரு படத்தோடும் இணையத்தில் அதன் கீழே இருந்த விளக்கச் சொற்களையும் சேர்த்துக் காட்டுவார்கள். பழகி முடிந்ததும் ஒரு பொய் சொல்வார்கள். வெறும் புள்ளி மழையைக் கொடுத்து, 'இதற்கு அடியில் அந்தமான் அந்தி ஒன்று இருக்கிறது, துடைத்துக் காட்டு' என்பார்கள். இயந்திரம் நம்பித் துடைக்கும். பழைய சுவரின் ஈரக்கறையில் ஆனையும் ஆளும் தெரிகிற மாதிரி அதற்கும் ஏதோ தெரியும். தெரிந்ததைத் துலக்கித் துலக்கிப் படமாக்கிவிடும்.

அதனால்தான் சூரியன் கடலில் விழுந்தது. தீவு, அந்தி என்ற சொற்களோடு இணையத்தில் கிடக்கும் படங்களில் பெரும்பாலும் சூரியன் கடலில்தான் விழுகிறது. சுற்றுலா போகிறவர்கள் அந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள். மலைக்குப் பின்னால் விழும் லாங் ஐலண்ட் சூரியனை யாராவது எடுத்துப் போட்டிருந்தாலும், அது அந்தக் கூட்டத்தில் ஒரு குரல். கலங்கரை விளக்கம் வந்ததும் இதே காரணத்தால்தான். 'லாங் ஐலண்ட்' என்ற சொல்லை நியூயார்க்காரர்கள் நம்மைவிடக் கோடி முறை அதிகமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே வாக்கியத்தை மறுபடி நான்கு தடவை கொடுத்துப் பார்த்தேன். நான்கு கடல், நான்கு சூரியன், ஒன்றில் மட்டும் எதற்கென்று தெரியாமல் ஒரு நாய். ஒவ்வொரு தடவையும் புள்ளி மழை வேறு மாதிரி பெய்கிறது, அதனால் படமும் வேறாகிவிடுகிறது. வாக்கியம் என்னுடையதுதான். நாய் என்னுடையதா?

பதிப்புரிமைச் சட்டத்தைச் சுற்றியிருக்கும் வாதங்களையெல்லாம் உரித்துக்கொண்டே போனால் கடைசியில் இந்த நாயில்தான் வந்து நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தில் இருக்கும் இந்தக் கோடு இங்கே இருக்கட்டும் என்று யாராவது முடிவு செய்தார்களா? படம் அழகா, பட்ட பாடு எவ்வளவு, எந்தக் கருவி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியைப் புகைப்படக் கருவியிடம் ஒருமுறை கேட்டாகிவிட்டது. நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்றொரு ஸ்டூடியோக்காரர். 1882இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டை உட்காரவைத்துப் படம் எடுத்தார். ஓர் அச்சகம் அதைக் கேட்காமல் 85,000 பிரதி அடித்துவிட்டது. வழக்கில் அச்சகம் வைத்த வாதம் இன்றைக்குக் கேட்டாலும் பழகிய குரலாக இருக்கும்: கேமரா ஓர் இயந்திரம், எதிரில் இருப்பதை அது தானாகப் பதிகிறது, இதில் மனிதர் படைத்தது என்ன? 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆளை எப்படி உட்காரவைப்பது, என்ன உடை, பின்னால் என்ன திரை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து என்பதையெல்லாம் தீர்மானித்தவர் அவர். இயந்திரம் அந்தத் தீர்மானத்தைத்தான் பதிந்தது.

பட்ட பாட்டுக்கு மதிப்பு இல்லையா என்ற கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் மோதக்குக்கும் இடையிலான வழக்கு. தீர்ப்புகளைத் திருத்தி அச்சிடுவதில் கொட்டிய உழைப்புக்கும் பணத்துக்கும் மட்டும் பதிப்புரிமை கிடைக்காது, சிறிதளவாவது படைப்புத்திறன் கலந்திருக்க வேண்டும் என்று சொன்னது. நெற்றி வியர்வைக்குக் கூலி உண்டு, பதிப்புரிமை கிடையாது. ஜேசன் ஆலன் என்ற அமெரிக்கருக்கும் இதே அனுபவம். மிட்ஜர்னி என்ற செயலியில் 624 முறையாவது பிராம்ப்ட்டை, அதாவது கேட்கும் வாக்கியத்தை, மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு படத்தை எடுத்தார். 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் அது பரிசும் வாங்கியது. பதிவு கேட்டவருக்கு 2023 செப்டம்பரில் பதிப்புரிமை அலுவலகத்தின் இறுதி மறுப்பு. 624 முறை வலை வீசியவர் மீனைப் படைத்தவர் ஆகிவிடுவாரா என்று கேட்கலாம். ஆனால் வலையை எங்கே வீசுவது என்பதும் ஒரு திறமை என்று எந்த மீனவரும் சொல்வார். ஆலன் பக்கமும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

பெய்ஜிங் இணைய நீதிமன்றத்துக்கும் அந்த இரக்கம் இருந்திருக்கிறது. 2023 நவம்பரில் ஒரு வழக்கு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் செயலியில் ஒருவர் உருவாக்கிய பெண் படத்தை இன்னொருவர் எடுத்துத் தன் கவிதையோடு போட்டுக்கொண்டார். சொற்களைத் தேர்ந்ததிலும் எண்களை மாற்றி மாற்றித் திருத்தியதிலும் உருவாக்கியவரின் அறிவுழைப்பு இருக்கிறது என்று சொல்லி, அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். இழப்பீடு 500 யுவான். அமெரிக்காவோ 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், வெறும் பிராம்ப்ட் மட்டும் போதாது என்று மறுபடியும் அழுத்திச் சொன்னது. அதே மாதக் கடைசியில் ஒரு படத்தைப் பதிவும் செய்தது. அதில் ஒருவர் படத்தின் ஒவ்வொரு பகுதியாகத் தேர்ந்தெடுத்து, இங்கே இதை மாற்று, அங்கே அதை வை என்று இயந்திரத்தை ஏவியிருந்தார். துண்டுகளைத் தேர்ந்து அடுக்கிய விதம் அவருடையது என்று ஒப்புக்கொண்டார்கள்.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறது. 1994இல் திருத்தியபோதே, கணினியால் உருவாகும் படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருப்பவரே ஆக்கியோர் என்று சேர்த்துவிட்டார்கள். அப்போது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையமே வரவில்லை. தொலைநோக்கு என்று பாராட்டலாம். ஆனால் 'காரணமாக இருப்பவர்' யார்? வாக்கியம் எழுதிய நானா, செயலியைக் கட்டிய நிறுவனமா, கேட்ட தம்பியா, பழக்கப் பயன்பட்ட படங்களை எடுத்தவர்களா? ஏதாவது ஓர் உயர் நீதிமன்றம் இந்த வரியை இன்றைய இயந்திரங்களுக்கு நேராக வைத்து உரசிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அதன் பொருள் தெரியும்.

பழக்கப் பயன்பட்ட படங்கள் என்றேன். இங்கேதான் சண்டை சூடாக நடக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பழக்கியது லயான் என்ற தொகுப்பிலிருந்து. அதன் பெரிய வடிவத்தில் 585 கோடி படங்களின் முகவரிகளும் விளக்கங்களும் இருக்கின்றன. எடுத்தவர்களைக் கேட்டுச் சேர்த்தது இல்லை. 'அப்படியானால் என் படம் அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறதா?' என்று ஒரு ஓவியர் கேட்டால், கணக்குப் போட்டே பார்க்கலாம். முதல் வடிவத்தின் கோப்பு சுமார் 4 ஜிபி. பழகிய படங்கள் 200 கோடிக்கு மேல். ஆளுக்குப் பங்கு பிரித்தால் படத்துக்கு இரண்டு பைட்டுக்கும் குறைவு. 'க' என்ற ஒரு தமிழெழுத்தைச் சாதாரணமாகச் சேமிக்கவே மூன்று பைட் வேண்டும். ஆகவே படங்கள் அப்படியே உள்ளே கிடக்கின்றன என்று சொல்ல முடியாது.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023இல் ஆய்வாளர்கள் சிலர் அந்தச் செயலியிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தபோது, பழகிய படங்களில் சுமார் நூறு படங்கள் கிட்டத்தட்ட அச்சு அசலாக வெளியே வந்தன. தொகுப்பில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற படங்கள்தான் அப்படி மனப்பாடம் ஆகியிருந்தன. லாங் ஐலண்ட் மாதிரி ஊருக்கு அந்த ஆபத்து குறைவு. அதன் படங்கள் மனப்பாடம் ஆவதில்லை, கரைந்துபோகின்றன. தாஜ்மகாலைத் திருடும் இயந்திரம் எங்கள் தம்பியின் ஊரை மாலத்தீவாக மாற்றுகிறது. எது பெரிய இழப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீதிமன்றங்களும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் பிரிகின்றன. 2025 நவம்பர் 4 அன்று லண்டன் நீதிமன்றம், கெட்டி இமேஜஸ் தொடுத்த வழக்கில், படங்களைச் சேமித்து வைக்காத ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒரு திருட்டுப் பிரதி ஆகாது என்றது. ஒரே வாரம் கழித்து மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகள் தொடர்பான வழக்கில், மனப்பாடம் செய்து வைத்திருப்பதும் பிரதிதான் என்றது. இந்தியாவில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒன்றிய அரசு அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு யோசனையை வெளியிட்டது. நிறுவனங்கள் யாரையும் கேட்காமலே பழக்கிக்கொள்ளலாம், ஆனால் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவான ஓர் அமைப்பிடம் கட்ட வேண்டும், அது படைப்பாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் சாரம். மறுக்கும் உரிமை கிடையாது, கூலி மட்டும் உண்டு. மனமில்லாதவரின் தோட்டத்தில் காய் பறித்துவிட்டுச் சந்தை விலையை வாசலில் வைத்துவிட்டுப் போவது போல இருக்கிறது. விலையே வைக்காமல் பறிப்பதற்கு இது தேவலைதான்.

பாணிக்கு எங்கேயும் உரிமை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச்சில் ஊரே ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பாணியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டதே, அந்த மென்பச்சையும் உருண்டைக் கண்ணும் யாருக்கும் சொந்தமில்லை. சட்டம் காப்பது வரைந்து முடித்த ஒரு படத்தை, வரையும் விதத்தை அது காப்பதில்லை. நம் ஊரில் 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களை ஏஐயில் போடுகிறவர்கள் நிறைய. 'கல்கி'யில் தொடராக வந்தபோது அந்தக் கொண்டைகளையும் அணிகளையும் முதலில் தீர்மானித்தவர் ஓவியர் மணியம். அவர் 1968இல் மறைந்தார். அறுபதாண்டுக் கணக்குப்படி அவருடைய படங்களை 2028 முடியும்வரை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆனால் 'மணியம் மாதிரி ஒரு வந்தியத்தேவன்' என்று கேட்பதைச் சட்டம் தடுக்காது. தடுக்கவும் கூடாது என்பதே என் கட்சி. தடுத்திருந்தால் மணியத்தைப் பார்த்து வரைந்து வளர்ந்த ஒரு தலைமுறை ஓவியர்களே இருந்திருக்க மாட்டார்கள். ஒரே வித்தியாசம், அந்தத் தலைமுறையால் பத்தாண்டு வரைந்து கை வந்த பிறகுதான் மணியம் மாதிரி போட முடிந்தது.

அந்தமானுக்கே உரிய கதை ஒன்று இதில் உண்டு. சரோனி ஜெயித்துச் சில ஆண்டுகளுக்குள் அந்தமானில் எம். வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகத் தீவுகளின் பழங்குடி மக்களைப் படம் எடுத்தார். 1890களின் தொடக்கம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி, நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று. கட்டம் எதற்கு? உடம்பை அளக்க. திரை, வெளிச்சம், நிற்கும் விதம் எல்லாமே அவருடைய தீர்மானம். சரோனி வழக்கின் அளவுகோலை வைத்தால் போர்ட்மன் முழுமையான ஆக்கியோர். நின்றவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தப் படங்களின் உரிமைக் காலம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்து எந்த இயந்திரத்துக்கும் ஊட்டலாம்.

போர்ட் பிளேயரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, சாலை வழியாக லாங் ஐலண்டுக்குப் போனால், ஜிர்காடாங்கில் வண்டிகளை நிறுத்தி வரிசை கட்டி, போலீஸ் துணையோடு ஜாரவா மக்களின் காட்டுக்குள் அனுப்புவார்கள். கேமராவைத் தொடக் கூடாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை 2012இல் கடுமையாக்கியபோது, படம் எடுக்கப் போவதற்குச் சிறை என்று எழுதினார்கள். அந்தச் சட்டம் மனதில் வைத்திருப்பது கேமராவோடு காட்டுக்குள் போகும் ஆளை. வீட்டில் உட்கார்ந்தபடி, போகாத காட்டில் இல்லாத ஒரு ஜாரவா முகத்தைக் கேட்டு வாங்கும் ஆளை 2012இல் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. அந்த முகத்தின் மூக்கும் நெற்றியும் எங்கிருந்து வரும்? திருட்டுத்தனமாக எடுத்து இணையத்தில் விட்ட படங்களிலிருந்தும், கட்டத் திரைக்கு முன் நின்றவர்களிடமிருந்தும் வரும். கேட்டுப் பார்த்தால் செயலி என்ன தருகிறது என்று எழுதியிருக்கலாம். கேட்க எனக்கு மனம் வரவில்லை. பதிப்புரிமைச் சட்டம் எப்போதும் படத்தைத் தீர்மானித்தவரைத் தேடுகிறது. படத்தில் இருப்பவரைத் தேட அதற்குத் தெரியாது. இந்த ஓட்டை செயற்கை நுண்ணறிவுக்கு நூறு வருடம் முந்தையது.

இவ்வளவையும் தம்பிக்குக் குரல் செய்தியாகச் சொல்ல முடியுமா? சுருக்கமாகச் சொன்னேன். "நான் போட்டுக் குடுத்த படத்தை ஹேவ்லாக்காரன் எடுத்தா, உன்னால பெருசா ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. என்னாலயும் முடியாது. நீயே உன் போன்ல படகுத்துறையில நின்னு ஒரு படம் எடு. எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம். எடுத்த நிமிஷமே அது உன்னோடது. உன் காலத்துக்கு அப்புறம் அறுபது வருஷம் உன் பிள்ளைங்களுக்கு."

நான்கு நாள் சத்தம் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு படம் வந்தது. கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூலையில் படகு கட்டும் கயிறு. தண்ணீர், அதற்கு மேல் நடு அந்தமானின் கறுத்த மலை விளிம்பு, சூரியன் அதற்குப் பின்னால் பாதி போயிருந்தது. ஆனால் வானம் மட்டும் என்னவோ போல இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மலைக்கு மேலே நீலமும் மஞ்சளுமாகச் சுழி சுழியாகச் சுற்றியிருந்தது.

கீழே எழுதியிருந்தான்: "போட்டோ கொஞ்சம் டல்லா இருந்துச்சுண்ணே. அதான் ஒரு ஆப்ல போட்டு பெயின்டிங் மாதிரி மாத்திட்டேன். இது என்னோடதுதானே?"